எக்ஸ்பியில் 4 டிபி டிஸ்க்: அந்த 1678 எங்கிருந்து வந்தது?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஸ்டுடியோ நடத்துகிறார். பழைய ஃபிலிம் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து கொடுப்பதும் அவர் தொழிலில் ஒரு பகுதி. அந்த ஸ்கேனருக்கு 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மேல் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) கிடையாது. அதனால் சர்வீஸ் பேக் 3 (மைக்ரோசாஃப்ட்டின் தொகுப்பு அப்டேட்) போட்ட எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஒன்றைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வருகிறார். உள்ளே இருந்த 500 ஜிபி நிரம்பிவிட்டது. புதிதாக 4 டிபி டிஸ்க் வாங்கி சாட்டா கேபிளில் மாட்டினால் எக்ஸ்பி 1678 ஜிபி என்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தால் அது 3726 ஜிபி என்கிறது. அங்கேயே ஜிபிடி என்ற புதிய அட்டவணை முறையில் பார்ட்டிஷன் போட்டு (டிஸ்க்கைப் பகுதியாகப் பிரித்து), 300 ஜிபி அளவுக்குப் படங்களையும் ஏற்றி, திரும்ப எக்ஸ்பியில் மாட்டியிருக்கிறார். இப்போது டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ‘ஜிபிடி புரொடெக்டிவ் பார்ட்டிஷன்’ என்று மட்டும் வருகிறது, உள்ளே போக முடியவில்லை. டிஸ்க் போலியா, முழு 4 டிபியையும் எக்ஸ்பியில் கொண்டுவர வழி உண்டா என்பது கேள்வி.

டிஸ்க் போலி இல்லை. படங்களும் இருந்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. ஆனால் இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை எக்ஸ்பியில் அந்த டிஸ்க்கின் மேல் எதையும் அழுத்தாதீர்கள். முடிந்தால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு டிஸ்க்கைக் கழற்றி மேஜை மேல் வையுங்கள். காரணம் போகப் போகத் தெரியும்.

பழைய லாரிகளின் கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். ஐந்தே கட்டம். 99999 ஓடி முடித்ததும் மறுபடி 00000. ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி 20,000 என்று காட்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை, எழுதுவதற்குக் கட்டம் போதவில்லை. உங்கள் எக்ஸ்பிக்கும் அதேதான் நடந்திருக்கிறது.

எக்ஸ்பி டிஸ்க்கை 512 பைட் கொண்ட செக்டர்களாக எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையை எழுத அதனிடம் இருப்பது 32 பிட். அதில் 4,294,967,296 வரைதான் எண்ண முடியும். 512-ஆல் பெருக்கினால் 2,199,023,255,552 பைட், கடைக் கணக்கில் 2.2 டிபி. நீங்கள் வாங்கியது போன்ற 4 டிபி டிஸ்க்கில் இருப்பது 7,814,037,168 செக்டர். மீட்டர் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டது. ஒரு சுற்றைக் கழித்தால் மிச்சம் 3,519,069,872 செக்டர். அதை ஜிபியாக்கிப் பாருங்கள், 1678 வரும். 3 டிபி டிஸ்க்காக இருந்திருந்தால் 746 வந்திருக்கும். எக்ஸ்பி வைத்திருக்கும் யாராவது “746 தான் காட்டுகிறது” என்று சொன்னால், டிஸ்க்கைப் பார்க்காமலே அது 3 டிபி என்று சொல்லிவிடலாம்.

விண்டோஸ் 10 சொன்ன 3726 வேறு கணக்கு. டிஸ்க் தயாரிப்பவர்கள் 1000, 1000-ஆக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024-ஆக எண்ணுகிறது. அதில் ஒரு பைட்டும் தொலையவில்லை. இந்த இரண்டு குறைவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள்.

கட்டம் போதாத இடம் ஒன்று மட்டும் இல்லை என்பதுதான் இதில் சிக்கல். டிஸ்க்குக்கும் உங்கள் படத்துக்கும் நடுவில் பல குமாஸ்தாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்: பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்), கண்ட்ரோலர் (டிஸ்க்கோடு பேசும் சிப்), டிரைவர், பார்ட்டிஷன் அட்டவணை (எந்தப் பகுதி எங்கே என்ற குறிப்பு), ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை அடுக்கும் முறை). ஒவ்வொருவரிடமும் ஒரு படிவம், ஒவ்வொரு படிவத்திலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கட்டங்கள். யாருடைய படிவம் சின்னதோ அவர் வைத்ததே சட்டம். எந்தக் குமாஸ்தா தடுக்கிறார் என்று தெரியாமல் அப்டேட் போடுவதும், பயாஸ் மாற்றுவதும், திரும்பத் திரும்ப ஃபார்மேட் செய்வதும் வீண்வேலை.

உங்கள் விஷயத்தில் இரண்டு பேர் தடுக்கிறார்கள். ஒருவர் எக்ஸ்பியின் டிஸ்க் டிரைவர், அதன் கதையை மேலே சொல்லிவிட்டேன். இன்னொருவர் பார்ட்டிஷன் அட்டவணை. எம்பிஆர் எனப்படும் பழைய அட்டவணை 1983-இல் ஐபிஎம் பிசிக்கான டாஸ் 2.0-உடன் வந்தது. முதல் செக்டருக்குள் நான்கே வரிகள், வரிக்கு 16 பைட். பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்பதற்கு 32 பிட், எவ்வளவு நீளம் என்பதற்கு 32 பிட். 10 எம்பி டிஸ்க்கே ஆடம்பரமாக இருந்த காலத்தில் போட்ட படிவம் அது, குறை சொல்ல மனம் வரவில்லை. விண்டோஸ் 10-இலேயே 4 டிபி டிஸ்க்கை எம்பிஆராக அமைத்துப் பாருங்கள், 2048 ஜிபிக்கு மேல் உள்ள பகுதி கறுப்புப் பட்டையாக, எதற்கும் உதவாமல் நிற்கும்.

ஜிபிடி அட்டவணையில் 64 பிட் இடம் உண்டு. ஆனால் 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடியைப் படிக்கவே தெரியாது. 2005-இல் வந்த 64 பிட் எக்ஸ்பிக்குத் தெரியும், சர்வீஸ் பேக் 1 போட்ட சர்வர் 2003-க்கும் தெரியும். உங்கள் ஸ்கேனரின் டிரைவர் 32 பிட் என்பதால் அந்தப் பக்கம் போய்ப் பயனில்லை. ஜிபிடியை வகுத்தவர்கள் உங்களைப் போன்றவர்களையும் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். முதல் செக்டரில் ஒரு போலி எம்பிஆரை வைத்து, “இந்த டிஸ்க் முழுவதும் ஒரே பார்ட்டிஷன், உனக்குத் தெரியாத வகை” என்று எழுதி வைக்கிறார்கள். அது இல்லாவிட்டால் எக்ஸ்பி “காலி டிஸ்க் வந்திருக்கிறது, தயார் செய்யட்டுமா?” என்று கேட்டிருக்கும், நீங்களும் சரி என்று அழுத்தியிருப்பீர்கள். நீங்கள் பார்த்து எரிச்சல்பட்ட அந்த வாசகம்தான் 300 ஜிபி படங்களுக்கும் காவல்.

சொல்லப்போனால், பெரிய டிஸ்க் தெரியவில்லை என்பது பெரிய கவலை இல்லை. தவறான அளவோடு தெரிந்து, அதை நம்பி எழுதத் தொடங்கினால்தான் ஆபத்து. இதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் அவமானமானது. கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பரின் விண்டோஸ் 2000 கம்ப்யூட்டருக்கு 160 ஜிபி டிஸ்க் ஒன்று வாங்கினோம். என் வீட்டு எக்ஸ்பியில் முழு அளவுக்கும் ஒரே பார்ட்டிஷன் போட்டு, அவர் கம்ப்யூட்டரில் மாட்டிக் கொடுத்தேன். மாதக்கணக்கில் நன்றாகவே ஓடியது. ஒருநாள் இரவு ஒரு பெரிய கல்யாணத்தின் டேப்புகளை ஏற்றிவிட்டுப் படுத்திருக்கிறார். காலையில் “டிஸ்க் ஃபார்மேட் செய்யப்படவில்லை, செய்யட்டுமா?” என்று நிற்கிறது. அப்போதைய படிவத்தில் 28 பிட் கட்டம். அதில் 268,435,456 செக்டர்தான் எண்ணலாம், அதாவது கடைக் கணக்கில் 137 ஜிபி, விண்டோஸ் கணக்கில் 128. அந்த எல்லையைத் தாண்டி எழுத வேண்டியதெல்லாம் மீட்டர் சுற்றி டிஸ்க்கின் ஆரம்பத்தில் போய் விழுந்திருக்கிறது. ஆரம்பத்தில்தானே அட்டவணை இருக்கிறது! மேலே மேலே எழுதப்பட்டதை எந்த மென்பொருளாலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அந்தக் கல்யாணத்தை டேப்பிலிருந்து மறுபடி ஏற்றினோம், மற்றவற்றில் கைக்கு அகப்பட்டதைப் பொறுக்கினோம்.

இதைப் படிக்கும் மற்றவர்களில் சிலர் இன்னும் அந்த 137 எல்லையில்தான் நின்றுகொண்டிருப்பார்கள், அவர்களுக்காக ஒரு பத்தி. எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 1 முதல் 28 பிட்டுக்குப் பதில் 48 பிட் கணக்கு வந்துவிட்டது, தனியாக எதையும் செய்ய வேண்டாம். விண்டோஸ் 2000-க்கு சர்வீஸ் பேக் 3 அல்லது 4 போட்டால் மட்டும் போதாது. ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், சர்வீசஸ், அடாபி, பாராமீட்டர்ஸ் என்று வரிசையாக உள்ளே போய், ‘எனேபிள்பிக்எல்பிஏ’ (EnableBigLba) என்ற பெயரில் இடைவெளி விடாமல் ஒரு டிவேர்டு மதிப்பை உண்டாக்கி அதற்கு 1 கொடுக்க வேண்டும். நண்பர் கம்ப்யூட்டரில் நான் செய்யாமல் விட்டது இந்த ஒரு வரிதான். எக்ஸ்பிக்காரர்களுக்கும் ஒரு பள்ளம் உண்டு. சர்வீஸ் பேக் சேராத 2001-ஆம் ஆண்டின் சிடி ஒன்று எல்லார் வீட்டு அலமாரியிலும் கிடக்கும். பெரிய பார்ட்டிஷன் உள்ள டிஸ்க்கில் அந்தச் சிடியைப் போட்டு மறு நிறுவல் செய்தால், சர்வீஸ் பேக் ஏற்றும்வரை நீங்கள் இருப்பது 28 பிட் உலகம். சிடியோடு சர்வீஸ் பேக் 3-ஐக் கலந்து புது சிடி எழுதிக்கொள்ளுங்கள். என்லைட் என்ற மென்பொருள் அதை எளிதாகச் செய்யும். அதற்கும் வழியில்லை என்றால், 127 ஜிபிக்குள் ஒரு சி டிரைவ் போட்டு அதில் நிறுவி, சர்வீஸ் பேக் ஏற்றிய பிறகு மிச்சத்தைத் தொடுங்கள்.

இனி உங்கள் 4 டிபிக்கு வருவோம். வழி இருக்கிறதா என்றால் இருக்கிறது. நான் செய்வேனா என்றால், எல்லாவற்றையும் செய்ய மாட்டேன்.

தனியாக ஒரு டிரைவர் போட்டு எக்ஸ்பிக்கு ஜிபிடி கற்றுக்கொடுக்கலாம். பாராகான் நிறுவனம் ஜிபிடி லோடர் என்று ஒன்றை விற்றது. சீகேட் தன் டிஸ்க்குகளுக்காக டிஸ்க்விசார்ட் என்று ஒன்றைக் கொடுத்தது. அது 2.2 டிபிக்கு மேல் உள்ள பகுதியை இன்னொரு டிஸ்க் போலக் காட்டும். இவை வேலை செய்தன, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் படங்களுக்கும் உங்களுக்கும் நடுவே, எப்போதோ கைவிடப்பட்ட ஒரு மென்பொருளை வாட்ச்மேனாக நிறுத்துகிறீர்கள். நாளைக்கு எக்ஸ்பியை மறு நிறுவல் செய்யும்போது அந்த டிரைவரின் நிறுவல் ஃபைல் எங்கே இருக்கிறது என்று தேடுவீர்கள். வாடிக்கையாளர் படம் வைக்கும் டிஸ்க்கில் இந்த விளையாட்டு வேண்டாம்.

இரண்டாவது வழி யுஎஸ்பி பெட்டி. இதில் ஒரு அழகான தந்திரம் உண்டு. செக்டர்களின் எண்ணிக்கைக்குத்தானே 32 பிட் எல்லை? செக்டரின் அளவைப் பெரிதாக்கிவிட்டால்? சில யுஎஸ்பி பெட்டிகளின் உள்ளே இருக்கும் சிப், எட்டு 512 பைட் செக்டர்களை ஒன்றாகக் கட்டி 4096 பைட் செக்டர் என்று எக்ஸ்பியிடம் சொல்லும். எண்ணிக்கை எட்டில் ஒரு பங்காகிவிடும். பழைய எம்பிஆரே 17.6 டிபி வரை தாங்கும். 3 டிபி வெளி டிஸ்க்குகள் வந்த புதிதில் “எக்ஸ்பியிலும் முழு அளவு தெரியும்” என்று விற்கப்பட்டது இந்த வித்தையால்தான். எல்லாப் பெட்டியும் இதைச் செய்யாது. சென்னை ரிச்சி தெருவிலோ வேறு எங்கோ வாங்கும்போது உங்கள் டிஸ்க்கையே மாட்டிப் பார்த்து வாங்குங்கள். எக்ஸ்பியின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் ஸ்டோரேஜ், டிஸ்க்ஸ் பகுதிக்குப் போனால் ஒரு செக்டருக்கு எத்தனை பைட் என்று போட்டிருக்கும், 4096 என்று இருக்க வேண்டும்.

இதிலும் ஒரு வில்லங்கம். அந்தப் பெட்டியில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கைக் கழற்றி நேராக சாட்டாவில் மாட்டினால் எந்தக் கம்ப்யூட்டரும் படிக்காது. அட்டவணையில் “செக்டர் 256” என்று எழுதியிருப்பது பெட்டிக்கு ஒரு இடம், நேர் கேபிளுக்கு வேறு இடம். டிஸ்க் நல்லபடியாக இருந்து பெட்டியின் போர்டு மட்டும் எரிந்துபோனால்கூட, அதே வகைப் பெட்டியைத் தேடி அலைய வேண்டும். எனவே இந்த வழியில் போவதானால் ஒரே மாதிரி இரண்டு பெட்டி வாங்கி ஒன்றைப் பரணில் போடுங்கள். மறுதிசையும் அப்படியே: இப்போது ஜிபிடியாக இருக்கும் உங்கள் டிஸ்க்கை அந்தப் பெட்டியில் வைத்தால் அது காலி போலத்தான் தெரியும். எனவே 300 ஜிபியை வேறு இடத்துக்கு மாற்றாமல் இதைத் தொடவே கூடாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், 4 டிபி டிஸ்க்கை எக்ஸ்பிக்குக் காட்டவே மாட்டேன். அது விண்டோஸ் 10 கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும், ஜிபிடியாகவே, இப்போது இருப்பது போலவே. எக்ஸ்பிக்கு 2 டிபியோ 1 டிபியோ ஒன்று வாங்கி மாட்டுங்கள். 2 டிபி டிஸ்க்கில் 3,907,029,168 செக்டர், மீட்டர் சுற்றாது. ஸ்கேன் செய்வது எக்ஸ்பியில், சேர்த்து வைப்பது விண்டோஸ் 10-இல். நெட்வொர்க் வழியாகப் போகும்போது எக்ஸ்பி செக்டர் எதையும் எண்ணுவதில்லை. ஃபைல் பெயரைச் சொல்லிக் கொடுக்கிறது, அந்தப் பக்கம் டிஸ்க் எவ்வளவு பெரிது என்பது அதன் கவலையே இல்லை.

நெட்வொர்க்கில் ஒரே ஒரு முடிச்சு. எக்ஸ்பி பேசுவது எஸ்எம்பி என்ற ஃபைல் பகிர்வு முறையின் முதல் பதிப்பு. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டின் இறுதியில் வந்த 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் விண்டோஸ் 10-இல் அதன் சர்வர் பகுதி இருக்காது. கண்ட்ரோல் பேனலில் மறுபடி சேர்க்கலாம், ஆனால் உங்கள் வேலைக்கு அதைத் திறந்துவிட வேண்டிய அவசியம் இல்லை. விண்டோஸ் 10-இல் ஃபைல்சில்லா சர்வரை நிறுவி, சாதாரண எஃப்டிபியை (ஃபைல் அனுப்பும் பழைய முறை) அனுமதிக்கும்படி அமைத்து, 4 டிபியில் ஒரு ஃபோல்டரை மட்டும் அதற்குக் கொடுங்கள். எக்ஸ்பியின் எக்ஸ்ப்ளோரர் முகவரிப் பட்டையிலேயே எஃப்டிபி முகவரி அடித்தால் ஃபோல்டர் போலத் திறக்கும். இதில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் போகும் என்பதால் வீட்டு வைஃபையில் செய்யாதீர்கள். இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரே ஒரு லான் கேபிள், கைமுறையாகக் கொடுத்த ஐபி முகவரி, அவ்வளவுதான். எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றது 2014 ஏப்ரல் 8-இல். அதற்கு இணையம் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

இப்போது மாட்டும் வேலை. புது 2 டிபியை எக்ஸ்பியில் ஃபார்மேட் செய்யாதீர்கள், விண்டோஸ் 10-இல் செய்யுங்கள். இது வெறும் வசதிக்காகச் சொல்வதில்லை. எக்ஸ்பி பார்ட்டிஷனை 63-ஆம் செக்டரில் தொடங்கும். இன்றைய டிஸ்க்குகள் வெளியே 512 என்று சொன்னாலும் உள்ளே 4096 பைட் துண்டுகளாகத்தான் எழுதுகின்றன. 63 எட்டால் வகுபடாது. அதனால் ஒவ்வொரு 4 கேபி எழுத்தும் இரண்டு துண்டுகளின் மேல் கால் வைத்து நிற்கும். டிஸ்க் இரண்டையும் படித்து, திருத்தி, திரும்ப எழுதும். வேலை நடக்கும், ஆனால் மாட்டு வண்டி வேகத்தில். விண்டோஸ் 10 தொடங்குவது 2048-ஆம் செக்டரில், அந்தத் தொல்லை இல்லை. அங்கே டிஸ்க்கை முதலில் தயார் செய்யும்போது எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்கும், எம்பிஆர் என்று சொல்லுங்கள். ஒரே பிரைமரி பார்ட்டிஷன், ஃபைல் சிஸ்டம் என்டிஎஃப்எஸ். எக்ஸ்பி அதை எந்தத் தகராறும் இல்லாமல் படிக்கும். பிறகு எக்ஸ்பியின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் அந்த டிஸ்க்கில் எதையும் மாற்றாதீர்கள். பிற்கால விண்டோஸில் போட்ட லாஜிக்கல் பார்ட்டிஷன்கள் எக்ஸ்பி கைவைத்ததும் காணாமற்போகக்கூடும். ஒரே பிரைமரி போதும் என்று சொன்னதும் அதற்காகத்தான்.

எக்ஸ்பியையே புது டிஸ்க்குக்கு மாற்றும் எண்ணம் இருந்தால், பயாஸில் சாட்டா முறை ஐடிஇ என்ற பழைய முறையில் இருக்கிறதா பாருங்கள். ஏஹெச்சிஐ என்ற புதிய முறையில் இருந்தால் எக்ஸ்பி சிடியில் அதற்கு டிரைவர் இல்லாததால் 7பி என்று முடியும் நீலத்திரை வரும். அந்தச் சமயத்தில் டிரைவரை ஃப்ளாப்பியில் வைத்து, நிறுவும்போது எஃப் 6 அழுத்தி ஏற்ற அலைந்த தலைமுறை நாங்கள். மதர்போர்டில் வியா நிறுவனத்தின் விடி8237 சிப் இருந்தால் இன்னொரு வேடிக்கை உண்டு: வேகமான சாட்டா டிஸ்க் எதையும் பயாஸ் கண்டுகொள்ளாது. சில டிஸ்க்குகளில் வேகத்தை 1.5 ஜிகாபிட்டாகக் குறைக்கும் ஜம்பர் (முள்களில் மாட்டும் சின்ன இணைப்பு) உண்டு. ஜம்பர் இல்லாவிட்டால் ஒரு பிசிஐ சாட்டா கார்டு போட்டுவிடுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் 4 டிபியைத் தவறான அளவிலாவது காட்டியது என்பதால் இது உங்களுக்கு வராது.

வரிசை இதுதான். 4 டிபியை விண்டோஸ் 10-இல் மாட்டி, 300 ஜிபியும் திறக்கிறதா என்று பத்துப் படத்தையாவது திறந்து பாருங்கள். எக்ஸ்பியின் பழைய 500 ஜிபியில் இருப்பதையும் அதில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், அந்த டிஸ்க்கின் வயதும் நினைவிருக்கட்டும். பிறகு 2 டிபி வாங்கி, மேலே சொன்னபடி தயார் செய்து எக்ஸ்பியில் மாட்டுங்கள். அது 1863 ஜிபி என்று காட்ட வேண்டும். வேறு எண் வந்தால் எதையும் எழுதாமல் அந்த எண்ணை அப்படியே குறித்து அனுப்புங்கள், கழித்துப் பார்த்து எந்தக் குமாஸ்தா என்று சொல்கிறேன்.